திறப்புக் கொடுத்த ஊர்

குசினி மேசைக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தேன். இரண்டு காதையும் பொத்தி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். இடது தோள் வலியில் கொதித்தது. மூக்குக்கு நேரே, டிசம்பர் நத்தார் காலத்தில் தவறி விழுந்த ஒரு கஜுக்கொட்டை கிடந்தது.

மொன்றியலில் அப்போது காலை ஆறு மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குண்டு ஒன்றும் கொட்டவில்லை. கொட்டும் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

சைரன் ஊதியது உண்மை. ஆனால் அது ஊதியது ஒரு முழுச் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், பிரான்சின் தெற்கே, ஒரு சின்ன ஊரில். மேசை மேல் திறந்து கிடந்த மடிக்கணினி வழியாகத்தான் அது என் குசினிக்குள் வந்தது. கணினியை மூடியிருந்தால் நின்றிருக்கும். ஐம்பத்து நாலு வயது மனிதனுக்கு அது தோன்றவில்லை. நிலம்தான் தோன்றியது.

இருபத்தேழு நாள்

அந்த ஊரில் என் மகள் மதுரா இருக்கிறாள். வைன் தயாரிக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு வருஷ ஒப்பந்தம். ஊரின் பெயரை நான் எழுதக்கூடாது என்பது அவளுடைய கட்டளை. அவள் கார் ஓட்டப் பழகிய கதையை இதே பக்கங்களில் எழுதிவிட்டு நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருப்பதால், இந்த முறை கீழ்ப்படிகிறேன். அந்த ஊர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் போட்ட கட்டளைகள் இன்னும் உண்டு. தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை மட்டும். காரணம் நான்தான். அவள் அங்கே போன புதிதில் ஒரு நாள் போன் எடுக்கவில்லை என்று அவளுடைய வீட்டுக்காரப் பெண்மணியைப் போனில் எழுப்பினேன். காற்று பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னதற்காக இன்னொரு நாள் சங்கத்தின் மனேஜருக்கே போன் அடித்தேன். அவர் மிகவும் மரியாதையாக, "ஐயா, இங்கே காற்று ரோமர் காலத்திலிருந்து வீசுகிறது" என்றார்.

அந்த ஊருக்கு ஒருமுறை போய் அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது மதுரா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒரு மாசம், அப்பா. ஒரே ஒரு மாசம் ஒருத்தருக்கும் அடிச்சுப் பயங்காட்டாமல் இருங்கோ. பேந்து டிக்கெட் போடலாம்."

"பயங்காட்டுறதெண்டா என்ன? விசாரிக்கிறதும் அதுக்குள்ள வருமோ?"

"உங்கட விசாரிப்பு வரும்."

குசினிக் கலண்டரில் ஒவ்வொரு நாளும் புள்ளடி போட்டு வந்தேன். சைரன் ஊதிய அந்தப் புதன்கிழமை இருபத்தேழாவது நாள்.

மதுராவின் அம்மா இப்போது என்னோடு இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் தனியாக, நிம்மதியாக இருக்கிறா. பிரிந்து போகும்போது சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. "உங்களோட இருக்கிறது சைரன் ஊதுற ஊரில இருக்கிற மாதிரி" என்று மட்டும் சொன்னா. அப்போது அது உவமை என்று நினைத்தேன்.

கமெரா

எனக்கு வேலை டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற இடத்தில். காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். பனிக்காலத் தொடக்கத்தில் ஒரு சாப்பாட்டு வண்டில் சறுக்கி, அதைப் பிடிக்கப்போன என் தோளைக் கழற்றிவிட்டது. டொக்டர் மூன்று மாதம் வீட்டில் இரு என்றார்.

வீட்டில் இருப்பது என்பது ஒரு வேலை. அதற்கு எனக்குப் பயிற்சி இல்லை. காலை நாலுக்கு எழும்பிவிடுவேன். தேத்தண்ணி போட்டு, ஒரு கோப்பையை எடுத்து, மற்றக் கோப்பைகள் என்னைப் பார்க்கிற மாதிரி இருப்பதால் அலுமாரியைச் சாத்துவேன். பிறகு என்ன செய்வது?

அந்தச் சைரனுக்கு இருபது நாள் முன்புதான் கமெராவைக் கண்டுபிடித்தேன். அந்த ஊரின் சுற்றுலாக் கந்தோர்க்காரர் தங்கள் கூரையில் ஒன்றைப் பூட்டி, ஊர்ச் சதுக்கத்தை இருபத்து நாலு மணி நேரமும் இணையத்தில் விடுகிறார்கள். சத்தமும் வரும். பட்டை உரிந்த பெரிய மரங்கள் ஐந்து. நடுவில் ஒரு நீரூற்று. ஒரு மூலையில் கஃபே. எல்லாம் உண்மை நேரத்துக்கு நாற்பது வினாடி பிந்தி வரும்.

மதுரா மத்தியானச் சாப்பாட்டுக்குச் சதுக்கத்தைக் கடந்து போவாள். என் கணக்கில் காலை ஆறு தாண்டி. கறுப்புக் கோட்டு, மஞ்சள் கழுத்துத் துண்டு, வேகமான நடை. பதினொரு வினாடிகளில் கடந்துவிடுவாள். அந்தப் பதினொரு வினாடிக்காக நான் நாலு மணியிலிருந்து முகம் கழுவி, தலை சீவி இருந்தேன். இது அவளுக்குத் தெரியாது. நிபந்தனையில் பார்ப்பது பற்றி ஒன்றும் இல்லை.

நத்தை

மேசைக்குக் கீழே என்னை விட்டுவிட்டு, ஊரைக் கொஞ்சம் சுற்றிக் காட்டுகிறேன். பயப்படவேண்டாம், சின்ன ஊர்.

மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு நத்தை. நடுவில் கிறிஸ்தவக் கோவில், அதைச் சுற்றி ஒரு வட்டம் வீடு, அதைச் சுற்றி இன்னொரு வட்டம். வெளி வட்டத்து வீடுகளின் பின்சுவர்தான் ஊரின் மதில். ஆயிரம் வருஷத்துக்கு முன் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். எதிரி வந்தால் ஊர் முழுவதும் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். இந்தக் கட்டடக் கலையில் எனக்கு உடனே ஒரு சொந்தம் தோன்றியது.

பழைய காலத்தில் ஒரு பெரும் படை அந்தப் பக்கம் வந்தது. மதச் சண்டை. பாப்பரசர் பிழை என்று சொன்ன ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை அழிக்க வடக்கிலிருந்து இறங்கிய படை. மலைக்கு அடுத்த பக்கத்து ஊர் கதவைப் பூட்டிக்கொண்டு, வீரமாக நின்று, முழுவதும் எரிந்தது. எங்கள் ஊர் (பாருங்கள், எங்கள் ஊர் என்று வந்துவிட்டது) படை கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு தலையணையில் ஊர் வாசல் திறப்பை, அதாவது சாவியை வைத்து, அரை நாள் தூரம் எதிரே நடந்து போய்க் கொடுத்துவிட்டது.

அதனால் ஊர் தப்பியது. பெயர் தப்பவில்லை. பக்கத்து ஊர்க்காரர் இன்றைக்கும் இவர்களைத் திறப்புக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். றக்பி ஆட்டம் நடந்தால் எதிர்ப்பக்கத்துச் சனம் முழுவதும் சட்டைப்பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துக் கிலுக்குமாம். இவர்கள் அதற்கும் ரோசப்படவில்லை. திறப்பையே ஊர்ச் சின்னமாக்கி, வைன் போத்தலிலும் ஒட்டிவிட்டார்கள்.

மதுரா இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது நான் எழும்பி நின்றுவிட்டேன். முன்கூட்டியே பயந்ததால் பிழைத்த ஒரு ஊர்! பயத்தைப் போத்தலில் அடைத்து விற்கிற ஊர்! அடுத்த நாளே மெட்ரோ பிடித்து நூலகத்துக்குப் போய், அந்தப் பிரதேசத்து வரலாறு என்று இருந்த எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டு வந்தேன்.

பூச்சியும் வேரும்

ரயில் வந்த காலத்தில் ஊர் பணத்தில் மிதந்தது. மலையடிவாரம் வரைக்கும் திராட்சை. பிறகு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஒரு பூச்சி வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. வேரைத்தான் தின்னும். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே எல்லாம் முடிந்திருக்கும். சில வருஷத்தில் கொடியெல்லாம் விறகு. சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு நாடுகளுக்குப் போனது.

மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்த நாட்டுத் திராட்சையின் வேரைப் பூச்சி தின்றாலும் கொடி சாகாது. ஆகவே அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை வெட்டி ஒட்டினார்கள். கிழவர்கள் கத்தினார்கள், அந்நிய வேரில் வந்த வைனை வாயில் வைக்கமாட்டோம் என்று. பிறகு குடித்தார்கள். இன்றைக்கும் எல்லாம் அந்த ஒட்டுத்தான்.

"அப்ப நீயும் அப்பிடித்தான் மகள். வேர் யாழ்ப்பாணம், தண்டு மொன்றியல், இலை அங்க" என்றேன்.

"அப்பா, பிறந்தநாள் கார்ட்டுக்கு எழுதுற ஆள் மாதிரிக் கதைக்கிறியள்" என்றாள்.

அந்த ஊர்க் கோவில் மணியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது ஒவ்வொரு மணியையும் இரண்டு தரம் அடிக்கும். ஒருமுறை அடித்து முடித்து, இரண்டு நிமிஷம் பொறுத்து, அதே எண்ணிக்கையை மறுபடியும் அடிக்கும். திராட்சைத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவன் முதல்முறை எண்ணத் தவறியிருந்தால் இரண்டாம் முறை எண்ணிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. இப்போது எல்லாரிடமும் போன் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பல்லி

இனி மேசைக்குக் கீழே வருவோம். வாயை ஏன் திறந்து வைத்திருந்தேன் என்று சிலர் யோசித்திருப்பீர்கள். குண்டுச் சத்தத்தில் காதுச்சவ்வு கிழியாமல் இருக்க. பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் இது எங்களுக்கு நீச்சல் மாதிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழகினால் மறக்காது.

மதுராவுக்கு நாலு வயதில் இதை ஒரு விளையாட்டாகப் பழக்கினேன். நான் "பல்லி!" என்று கத்தினால் அவள் எங்கே நின்றாலும் நிலத்தில் ஒட்டவேண்டும். காதைப் பொத்த வேண்டும், வாயைத் திறக்கவேண்டும். யார் முதலில் ஒட்டுகிறார்களோ அவருக்கு ஒரு சொக்கலேற். எப்போதும் அவள்தான் வெல்வாள். இரண்டு கிழமையில் அவளுடைய அம்மா கண்டுவிட்டா. "இது கனடா. பிள்ளை இஞ்ச பிறந்தது. உங்கட யுத்தத்தை அவளுக்குச் சீதனமாய்க் குடுக்காதேங்கோ." அத்தோடு விளையாட்டு நின்றது.

கவிதா

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டில் இருக்கும் கவிதா. சென்னைப் பெண், கணினிக் கம்பனியில் வேலை, விடியலிலேயே இந்தியாவோடு கூட்டம் நடத்துவாள்.

"அங்கிள்! டமால்னு சத்தம் கேட்டுச்சு, விழுந்துட்டீங்களா?"

ஊர்ந்து போய்க் கதவைத் திறந்தேன். "சைரன் ஊதுது பிள்ளை. குண்டு போடப்போறாங்கள்."

அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். "எங்க?"

"பிரான்சில."

"பிரான்ஸ்ல போட்டா நீங்க ஏன் அங்கிள் இங்க டேபிளுக்கு அடியில போறீங்க?"

நியாயமான கேள்வி. கணினியில் சைரன் ஓய்ந்திருந்தது. சதுக்கத்தில் ஒருவர்கூட ஓடவில்லை. நீரூற்றடியில் ஒரு கிழவர் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு ஆறுதலாகப் படவில்லை. ஓடி ஓடிக் களைத்த சனமும் அப்படித்தான் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் துண்டு சதுக்கத்தைக் கடக்கவில்லை.

மதுராவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கலண்டரைப் பார்த்தேன். இருபத்தாறு புள்ளடி. பார்த்துக்கொண்டே அடுத்த இலக்கத்தை அழுத்தினேன்.

நகரசபைக் கந்தோர்: ஒரு பெண்ணின் பதிவுக் குரல், இரண்டு மணிக்குத் திறப்போம். மருந்துக்கடை: இரண்டு மணிக்கு. சங்கம்: இரண்டு மணிக்கு. ஒரு முழு ஊரும் போன் எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குப் பூட்டி, சாப்பிட்டு, இரண்டுக்குத் திறப்பது அந்த ஊரின் வழக்கம் என்று இரண்டு புத்தகத்தில் படித்திருந்தேன். அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரில் உயிரோடு ஒருவரும் இல்லை.

கடைசியாகக் கஃபே. உடனே எடுத்தார்கள். ஆனால் படத்தில் கஃபேக்காரர் வெளியே நின்று மேசை துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு கதைத்துக்கொண்டிருக்க, அவர் படத்தில் இன்னும் மணி கேட்காத மனிதராக நின்றார். பேயோடு கதைப்பது போல இருந்தது.

கியூபெக் பிரெஞ்சை யாழ்ப்பாணத்து நாக்கில் கேட்டு அவர் தடுமாறினார். மூன்றாம் தரம் விளங்கியது.

"குண்டா? என்ன குண்டு? இன்று மாதத்தின் முதல் புதன், ஐயா. பகல் பன்னிரண்டுக்குச் சைரன் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பிரான்ஸ் முழுக்க. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து."

கலண்டரில் பார்த்தேன், முதல் புதன்தான்.

"நீங்கள் யார்?"

"ஆய்வுகூடத்து மதுரா... அவளின் அப்பா. கனடாவிலிருந்து."

"ஆ, கனடாக்காரியின் அப்பா!" அவர் போனைக் கீழே எடுத்துச் சதுக்கம் முழுவதும் கேட்கக் கத்தினார். "கனடாக்காரியின் அப்பா! இங்கே குண்டு விழுகிறதென்று மேசைக்குக் கீழே இருக்கிறாராம்! கமெராவில் பார்க்கிறாராம்!"

இவ்வளவையும் அவரிடம் சொன்னது நான்தான், எப்போது என்று தெரியவில்லை.

நாற்பது வினாடி கழித்து அதைப் படத்தில் பார்த்தேன். கிழவர் பாணை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராகக் கமெராவைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்துக் கிலுக்கினார். நான் அவர்களுடைய ஆள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ஸோ ஸ்வீட், அங்கிள்" என்றாள் கவிதா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ போடவா?" என்று கேட்டாள். அலுமாரியைத் திறந்து இரண்டு கோப்பை எடுத்தாள். இரண்டாவது கோப்பையில் தூசி இருந்தது. கழுவினாள்.

மதுரா எடுத்தாள்

கவிதா கூட்டத்துக்குப் போன பிறகு போன் அடித்தது.

"அப்பா. குண்டு விழுந்ததெண்டு சொன்னியளாம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. விழுதோ எண்டுதான் கேட்டன்."

"சாப்பிடப் போனா முழு கஃபேயும் எழும்பி நிண்டு கை தட்டுது. கமெராவில என்னை ஒவ்வொரு நாளும் பாக்கிறியளோ?"

"பதினொரு வினாடி மட்டும்."

 அவளுக்குப் பின்னால் முள்ளுக்கரண்டிச் சத்தம் கேட்டது.

"இருபத்தாறு நாள், அப்பா."

"இண்டைக்கு இருபத்தேழு."

"சரி, இருபத்தேழு." மூச்சு விட்டாள். "உங்களுக்கு ஒண்டு நான் சொல்லேல்லை. இஞ்ச வந்த முதல் மாசம், இதே சைரன். எனக்கும் ஒருத்தரும் சொல்லி வைக்கேல்லை. லேபில நிண்டன். ரெண்டு கையிலயும் நாலு போத்தல்."

"பேந்து?"

"பல்லி."

 மேசைக்குக் கீழே அந்தக் கஜுக்கொட்டை இன்னும் கிடந்தது, குனிந்து எடுத்தேன்.

"நிலத்தில குப்புற. காதைப் பொத்திக்கொண்டு, வாயையும் திறந்து" என்றாள். "நான் ஒரு சைரனும் கேட்டதில்லை, அப்பா. ஆனா உடம்புக்குத் தெரிஞ்சுது. மனேஜர் வந்து பக்கத்தில நிலத்தில இருந்தார். என்னெண்டு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. எங்கட வீட்டில இது ஒரு விளையாட்டு எண்டன்."

"போத்தல்?"

"நாலும் உடைஞ்சிது."

"நான்தான் மகள். அந்த விளையாட்டு..."

"ஓம். நீங்கள்தான்." கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவின் குரல் மாதிரியும் இல்லை. "இன்னொண்டும் இருக்கு. போன கிழமை கையெழுத்துப் போட்டிட்டன். இன்னும் ரெண்டு வருஷம்."

யன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி போனது.

"நல்லது" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு சைரனில்கூடப் படவில்லை. "அப்ப, டிக்கெட்?"

"நீங்கள் தோத்திட்டியள்."

"ஓம்."

"செப்டம்பரில வாங்கோ. திராட்சை வெட்டுற நேரம். முதல் புதனுக்கு இஞ்ச நிக்கிற மாதிரி வாங்கோ. எனக்கு இப்பவும் அந்த நாள் தனிய நிக்க ஏலாமல் கிடக்கு."

அடுத்த முதல் புதன்

மாதம் ஒன்று போனது. தோள் வலி கொஞ்சம் இறங்கி வந்தது. அடுத்த கிழமை டோர்வலுக்கு வேலைக்குத் திரும்பவேண்டும். கலண்டரில் புள்ளடி போடுவதை விட்டுவிட்டேன்.

முதல் புதன், காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்க, கதிரையை மேசைக்கு நெருக்கிப் போட்டு இருந்தேன். படத்தில் மதுரா வந்தாள். வெள்ளை லேப் கோட்டு, கழுத்தில் மஞ்சள் துண்டு. இந்த முறை கடந்து போகவில்லை. நடுச் சதுக்கத்தில், நீரூற்றுக்குப் பக்கத்தில், கமெராவைப் பார்த்து நின்றாள். கஃபேக்காரர் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

சைரன் தொடங்கியது. அவள் இரண்டு காதையும் பொத்தினாள். வாயைத் திறந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. நல்ல கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த ஊளையின் அடியில் எங்கோ கோவில் மணி பன்னிரண்டு அடித்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை.

ஓய்ந்தது. அவள் கையை எடுத்தாள், சிரித்தாள், எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன். ஆனால் படம் நாற்பது வினாடி பிந்தியது. அவள் கை காட்டுவதை நான் காணும்போதே அவள் சதுக்கத்தை விட்டுப் போயிருப்பாள். பிறகு படத்திலும் போனாள். மூலை திரும்பும்போது மஞ்சள் துண்டின் நுனி கொஞ்சம் பறந்தது.

மரங்கள் நின்றன. நீரூற்று ஓடியது. என் குசினியில் குளிர்பெட்டி உறுமியது.

அப்போது இரண்டாம் தரம் மணி அடிக்கத் தொடங்கியது. மேசைக் காலை விட்டுவிட்டு எண்ணினேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன.